கோடு ஓடிய கதை – 9: இல்லாத எலியைப் பார்ப்பது எப்படி?

டாமும் ஜெர்ரியும் திரைக்கு வந்தது 1940 பிப்ரவரியில். அந்த முதல் படத்தில் பூனையின் பெயர் ஜாஸ்பர். எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்ற இரண்டு பேர் செய்த குட்டிப் படம் அது. பின்னால் டாம்-ஜெர்ரி படங்களுக்கு ஏழு ஆஸ்கர் கிடைத்தது. 1995-ல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்த பிறகு மயிலாப்பூர், தி.நகர் வீடுகளின் கூடத்துக்குள்ளும் இருவரும் ஓடி வந்துவிட்டார்கள். வசனம் அநேகமாகக் கிடையாது, அதனால் டப்பிங்கும் வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகள் அடித்துக்கொண்டால் பாட்டியே "டாம் அண்ட் ஜெர்ரி ஆரம்பிச்சாச்சு" என்று சலித்துக்கொள்கிற அளவுக்கு நம்மவர்கள் ஆகிவிட்டார்கள்.

ஜெர்ரி ஒருமுறை மனிதனோடும் ஆடியது. 1945-ல் வந்த எம்.ஜி.எம்.மின் 'ஆங்கர்ஸ் அவே' படத்தில் நடிகர் ஜீன் கெல்லிக்குக் கார்ட்டூன் கதாபாத்திரத்தோடு ஆட ஆசை. முதலில் மிக்கி மௌஸைத்தான் கேட்டார்கள். டிஸ்னி கம்பெனி கைவிரித்தது. சொந்த வீட்டு எலி இருக்கும்போது எதற்கு வெளியே போக வேண்டும் என்று ஜெர்ரியைப் பிடித்தார்கள். கதையில் ஜெர்ரிதான் ராஜா. டாம் அதற்குத் தட்டு ஏந்தி வருகிற சேவகன்! இந்தக் குறும்புக்காகவே ஹன்னா, பார்பெராவுக்குத் தனி சபாஷ் போடலாம்.

கெல்லியைத் தனியாக ஆடவைத்துப் படம்பிடித்தார்கள். அதன்மேல் ஜெர்ரியை ஃப்ரேம் ஃப்ரேமாக வரைந்தார்கள். எல்லாம் முடிந்து போட்டுப் பார்த்தால் ஏதோ உறுத்துகிறது. பளபளக்கும் தரையில் கெல்லியின் பிம்பம் தெரிகிறது, ஜெர்ரிக்கு இல்லை. மறுபடி உட்கார்ந்து எலிக்கும் பிம்பம் வரைந்தார்கள்.

இதே வேலை நம் ஊரிலும் நடந்தது. 1989-ல் ஏவி.எம். தயாரித்து எஸ்.பி.முத்துராமன் இயக்கிய 'ராஜா சின்ன ரோஜா'வில், காட்டு மிருகங்களோடு ரஜினி ஆடிப்பாடும் பாட்டு. கம்ப்யூட்டர் துணைக்கு வராத காலம். மிருகங்களை வரைந்தது பம்பாயில் ஸ்டுடியோ வைத்திருந்த ராம் மோகன். அவருக்கும் மெட்ராஸுக்கும் பழைய உறவு உண்டு. இங்கே மெட்ராஸ் யூனிவர்சிட்டியில் கெமிஸ்ட்ரி பட்டம் வாங்கியவர். மேல்படிப்புக்குப் பம்பாய் போய், அதை விட்டுவிட்டு 1956-ல் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். அங்கே பாடம் சொல்லிக்கொடுக்க வந்திருந்தவர் டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ். சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ஜ் கே கிலாடி'யில் வரும் அனிமேஷன் பகுதியும் ராம் மோகன் கைவண்ணம்தான்.

இந்த மாதிரிப் படப்பிடிப்பில் நடிகர் பாடுதான் திண்டாட்டம். எதிரே வெட்டவெளி. குரங்கு இந்த உயரத்தில் நிற்கும், இந்தத் தாளத்துக்குத் திரும்பும் என்று வாயால் சொல்வார்கள்; அவர் அந்தப் புள்ளியையே பார்த்துச் சிரிக்க வேண்டும். பார்வை ஒரு சாண் தப்பினாலும் குரங்கின் தலைக்கு மேலே எதையோ பார்ப்பதுபோல் ஆகிவிடும். அப்புறம் ஃபிலிமை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பெரிதாக்கி, அதன்மேல் தாளை வைத்து நடிகரின் கை, கால் இருக்கும் இடத்துக்கு ஏற்ப மிருகத்தை வரைவார்கள். ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்திச் சிக்கனம் பிடித்தாலும் நொடிக்குப் பன்னிரண்டு வரைய வேண்டும். அதுவும் ஒரு மிருகத்துக்கு. பிறகு செல்லுலாய்டு தாளில் மை போட்டு, வர்ணம் அடித்து, இரண்டு பிம்பத்தையும் ஒரே ஃபிலிமில் சேர்க்க வேண்டும். நிதானமாக நடக்கிறவரோடு இதைச் செய்வதே பெரும்பாடு. ரஜினியோ திரும்புவதையே சவுக்கு வீசுவதுபோல் திரும்புகிறவர்.

பாட்டு என்றதும் இசையமைத்த சந்திரபோஸைச் சொல்கிறோம், எழுதிய வைரமுத்துவைச் சொல்கிறோம், ரஜினியைச் சொல்லவே வேண்டாம். வரைந்தவர் பெயர் மட்டும் நம் வாயில் வருவதில்லை. ராம் மோகனுக்கு பத்மஸ்ரீ கிடைத்தது 2014-ல், எண்பது வயது தாண்டிய பிறகு. 2019-ல் காலமானார்.

யூடியூபில் அந்தப் பாட்டு கிடைக்கிறது. ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டு, மிருகங்களை விட்டு ரஜினியின் கண்ணை மட்டும் கவனித்துப் பாருங்கள். அடுத்து கெல்லியின் ஆட்டத்தைப் போட்டுத் தரையைப் பாருங்கள். எந்த இடத்தில் கோடு இடறுகிறது என்று உங்களுக்குப் பட்டால் எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் அதிலிருந்து தொடங்கலாம்.