பைல் பாதையில் பேக்ஸ்லாஷ்: கவனம் தேவை!

பைல்களைக் காப்பி செய்யவும், பெயர் மாற்றவும், பேக்கப் எடுக்கவும் பைத்தான் மொழியில் சிறு புரோகிராம்களை எழுதிப் பயன்படுத்துபவரா நீங்கள்? அப்படியானால் பேக்ஸ்லாஷ் (\) என்னும் சிறு கோட்டிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். சாப்ட்வேர் இன்ஜினியரான நானே இதில் ஏமாந்திருக்கிறேன்.

என் மாமா பாத்திரக் கடை வைத்திருக்கிறார். தினமும் இரவில் அன்றைய பில் பைல்களை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்ய ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். அதில் தந்த பாதை இ:\ஷாப்\டேட்டா. (பாதைகளை இங்கே தமிழில் தந்துள்ளேன், நீங்கள் ஆங்கிலத்தில் டைப் செய்யவும்.) ஓராண்டு ஒழுங்காக ஓடியது. டிஸ்க் நிறைந்ததும் புதிய டிஸ்க் வாங்கி, பாதையை இ:\பேக்கப்\நியூ என்று மாற்றினேன். போல்டர் பெயர்கள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இருந்தன. மூன்று மாதம் கழித்து கடைக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் பழுதானது. பேக்கப் டிஸ்க்கைத் திறந்தால் போல்டர் காலி!

"பேக்கப் முடிந்ததுன்னு தினமும் சொல்லிச்சே மாப்ளே?" என்றார் மாமா. என்னிடம் பதில் இல்லை.

என்ன நடந்தது?

பாதையைப் புரோகிராமில் பிரிண்ட் செய்து பார்த்தேன். முதல் வரியில் டிரைவ் எழுத்துக்கு அடுத்த கோலனும், 'பேக்கப்' என்ற சொல்லின் முதல் எழுத்தும் இல்லை. 'நியூ' என்ற சொல் முதல் எழுத்தை இழந்து அடுத்த வரிக்குப் போயிருந்தது.

புரோகிராமில் மேற்கோள் குறிகளுக்குள் எழுதும் \ குறியைப் பைத்தான் சாதாரணக் கோடாக எடுத்துக்கொள்வதில்லை. அது ஓர் எஸ்கேப் கேரக்டர். அதாவது அடுத்து வரும் எழுத்துக்கு வேறு பொருள் உண்டு என்று சொல்லும் குறி. கீபோர்டில் உள்ள எஸ்கேப் கீக்கும் இதற்கும் தொடர்பில்லை. சிறிய எழுத்து 'என்' வந்தால் புதிய வரி. 'பி' வந்தால் பேக்ஸ்பேஸ். 'டேபிள்' என்ற சொல்லின் முதல் எழுத்து வந்தால் டேப். எனவே விண்டோஸுக்குப் போய்ச் சேர்ந்தது நான் எழுதிய பாதையே அல்ல. அப்படிப்பட்ட பெயரை விண்டோஸ் ஏற்காது; பிழை காட்டும். அந்தப் பிழையை என் புரோகிராம் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, கடைசி வரியில் 'பேக்கப் முடிந்தது' என்று காட்டியது. இது என் இரண்டாவது தவறு.

பழைய பாதை எப்படி வேலை செய்தது? ஷாப், டேட்டா இரண்டும் பெரிய எழுத்தில் தொடங்கின. அந்த எழுத்துகளுக்குச் சிறப்புப் பொருள் இல்லாததால் பைத்தான் அவற்றை அப்படியே விட்டது. ஓராண்டு ஓடியது வெறும் அதிர்ஷ்டம்!

ஏன் இந்தக் குழப்பம்?

1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழி \ குறியை எஸ்கேப் கேரக்டராகப் பயன்படுத்தியது. பின்னர் வந்த பல மொழிகள் இதைப் பின்பற்றின. 1983-ல் வெளிவந்த எம்.எஸ்.டாஸ் 2.0 பதிப்பில்தான் போல்டருக்குள் போல்டர் அமைக்கும் வசதி வந்தது. யுனிக்ஸ் பயன்படுத்தும் / குறி டாஸ் கட்டளைகளில் வேறு வேலைக்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்ததால், பாதைக்கு \ தேர்வானது. ஒரே குறிக்கு இரண்டு வேலை!

தீர்வுகள்

1. ஒவ்வொரு \ குறியையும் இரண்டு முறை (\\) டைப் செய்யவும்.

2. மேற்கோள் குறிக்கு முன் ஆங்கிலச் சிறிய எழுத்து 'ஆர்' சேர்க்கவும். \ சாதாரணக் குறியாகவே இருக்கும். ஆனால் இப்படி எழுதும் பாதை ஒற்றை \ குறியில் முடியக்கூடாது.

3. / குறியையே பயன்படுத்தவும். பைத்தானில் பைல் திறக்கும்போது விண்டோஸ் இதையும் ஏற்கும்.

4. 2014-ல் வந்த பைத்தான் 3.4 முதல் உள்ள பாத்லிப் வசதியைப் பயன்படுத்தவும். போல்டர் பெயர்களைத் தனித்தனியாகக் கொடுத்தால் அதுவே சரியாக இணைத்துக்கொள்ளும். புதிதாக எழுதுபவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன்.

2023-ல் வெளியான பைத்தான் 3.12 முதல், பொருளில்லாத எஸ்கேப் இருந்தால் திரையில் எச்சரிக்கை தோன்றும். ஆனால் பேக்ஸ்பேஸ், புதிய வரி போன்றவை முறையான எஸ்கேப்கள் என்பதால் எச்சரிக்கை வராது. என் பழைய பாதைக்கு வரும். காலை வாரிவிட்ட புதிய பாதைக்கு வராது!

கார்பன் காப்பி பில் புத்தகங்களை வைத்து மூன்று மாதக் கணக்கையும் நானும் மாமாவும் மீண்டும் டைப் செய்தோம். இப்போது என் புரோகிராம் காப்பியான பைல்களை எண்ணிப் பார்த்து, எண்ணிக்கையைத் திரையில் காட்டுகிறது. பிழை வந்தால் அதையும் காட்டுகிறது. உங்கள் பேக்கப் போல்டரையும் இன்றே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்களேன்!