பள்ளி மணி அடித்த பிறகு பிள்ளை யார் பொறுப்பு?



பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திற்கு ஒழுங்காக அனுப்ப வேண்டும் என்று கூட்டத்திற்குக் கூட்டம் பேசி வருகிறோம். இன்று பள்ளிக்கூடம் விட்ட பிறகு நடப்பதைப் பற்றிப் பேசுவோம். காலை ஏழரைக்குத் தொடங்கும் தமிழ்ப்பள்ளி பகல் ஒரு மணிவாக்கில் விட்டுவிடுகிறது. தாயும் தகப்பனும் வீடு திரும்ப மூன்று மணியும் ஆகலாம், ஏழு மணியும் ஆகலாம். இடையில் கிடக்கும் அந்த நேரத்தில் நம்ம பிள்ளை எங்கே இருக்கிறது, யாரோடு இருக்கிறது, என்ன செய்கிறது? புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், ராஜா மூசா, கோல்பீல்ட்ஸ் என்று கோலசிலாங்கூர் வட்டாரத்தில் எந்தப் பக்கம் போய்க் கேட்டாலும் உடனே பதில் சொல்லக்கூடிய பெற்றோர் குறைவு.

அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தக் காலத்தில் லயத்திலே ஒரு பாட்டி இருந்தாள். ஆயாக்கொட்டகை இருந்தது. பால் வெட்டுக்குப் போனவர்கள் நடுப்பகல் தாண்டி நிறுவைக் கொட்டகையில் பாலை ஊற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பிள்ளை எந்த வீட்டில் சாப்பிட்டாலும் அது லயத்துப் பிள்ளைதான். இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்தாயிற்று. தோட்டங்கள் பல கைமாறி, வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. நம் இளைய தலைமுறை ஈஜோக், ரவாங், சுங்கை பூலோ தொழிற்சாலைகளுக்கு பஸ் ஏறுகிறது. லயம் கலைந்தது. அதோடு சேர்ந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த நூறு கண்களும் கலைந்தன. புதிய வீடு கிடைத்தவர்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று தெரியாத நிலைமை.

தக்க கண்காணிப்பு இல்லாமல் பிள்ளையைத் தனியே விட்டுப் போவது 2001ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி குற்றம். சட்டம் சரிதான். ஆனால் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது என்கிற குடும்பத்துக்கு வழி என்ன? அந்த வழியை நாமே கூடிப் பேசித்தான் உண்டாக்க வேண்டும். அதற்கு முன், ஆபத்து எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தண்ணீர்

நம் வட்டாரம் தண்ணீர் சூழ்ந்த வட்டாரம். கடலோரத் தோட்டங்கள் தாழ்வான நிலத்தில் இருப்பவை. கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தால்தான் மரம் நிற்கும். அதனால் வீட்டுக்குப் பின்னாலேயே கால்வாய் ஓடுகிறது. மழை பெய்த மறுநாள் முழங்கால் தண்ணீர் கழுத்தளவு ஆகிவிடும். உள்ளே தள்ளிப் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் போனால் (2007 முதல் அதற்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர்) ஈயம் எடுத்த பழைய குட்டைகள். ஈயக் கப்பல் தோண்டிய குட்டைக்கு ஆற்றைப் போலச் சரிவான கரை கிடையாது. இரண்டு அடி எடுத்து வைத்தால் மூன்றாவது அடியில் ஆழம். கீழே சேறு காலைப் பிடித்துக்கொள்ளும். நன்றாக நீந்தத் தெரிந்த வாலிபரே அதில் சிக்கிக்கொள்ள முடியும்.

பெரியவர்கள் கூட இருந்தால் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. 2009 அக்டோபர் 26ஆம் தேதி இரவு, பேராக் மாநிலம் கம்பார் அருகே குவாலா டிப்பாங்கில் நடந்ததை நாம் மறக்க முடியாது. ஒரே மலேசியா முகாமுக்குப் போன பள்ளிப் பிள்ளைகள் தொங்கு பாலத்தில் நடந்தபோது பாலம் அறுந்து விழுந்தது. நம் இனத்துப் பெண் பிள்ளைகள் மூவர் கம்பார் ஆற்றில் மாண்டார்கள். ஆசிரியர்கள் இருந்தார்கள், அனுமதிக் கடிதத்தில் பெற்றோர் கையெழுத்தும் இருந்தது. பாலம் தாங்குமா என்பதைச் சரியாகப் பார்க்கத்தான் ஆள் இல்லை. ஆகவே முகாம், சுற்றுலா என்று கடிதம் வந்தால் சும்மா கையெழுத்துப் போட்டு அனுப்பாதீர்கள். எந்த இடம், எத்தனை ஆசிரியர், தண்ணீர் இருக்கிறதா, மிதவைச் சட்டை உண்டா, இரவில் என்ன நிகழ்ச்சி என்று கேளுங்கள். கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. நல்ல ஆசிரியர் அதற்காகக் கோபப்பட மாட்டார்.

பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கூட்டாளி தண்ணீரில் விழுந்தால் பின்னாலேயே குதிக்கக் கூடாது. கத்திப் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். கயிறு, நீண்ட கம்பு, செம்பனை மட்டை, எது கிடைத்தாலும் கரையில் படுத்துக்கொண்டு நீட்ட வேண்டும். ஒருவரைக் காப்பாற்ற அடுத்தடுத்துக் குதித்து இரண்டு மூன்று பேர் போய்விடுவது இந்த மாதிரி நேரத்தில்தான். தூக்கி எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுகிற பழைய பழக்கமும் வேண்டாம். மூச்சு இல்லையென்றால் மூச்சு ஊதி, மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க வேண்டும். 999க்கு அழைக்க வேண்டும். இந்த முதலுதவியைக் கற்றுத்தரச் செம்பிறைச் சங்கத்தையோ கிளினிக்கையோ பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் அழைக்கலாம். அரை நாள் போதும்.

சாலை

நம் நாட்டில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் சாலையில் மடிகிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் வழியே போகும் ஐந்தாம் எண் சாலையிலும், சுங்கை பூலோவிலிருந்து ஈஜோக் வழியாக வரும் சாலையிலும் மண் லோரியும் செம்பனைக் குலை லோரியும் எப்படிப் பறக்கின்றன என்று நாம் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

தலைக்கவசச் சட்டம் 1973லேயே வந்துவிட்டது. ஆனால் காலையில் பள்ளி வாசலில் நின்று பாருங்கள். அப்பாவின் தலையில் கவசம் இருக்கும். முன்னால் டாங்கியில் ஒரு பிள்ளை, பின்னால் இரண்டு பிள்ளை. மூன்று தலையும் வெறுந்தலை! “இந்தா இருக்கிற பள்ளிக்கூடம்தானே” என்பார்கள். லோரிக்காரனுக்கு இது கிட்டத்துப் பயணமா தூரத்துப் பயணமா என்று தெரியுமா? பிள்ளையின் தலை அளவுக்கு ஒரு கவசம் வாங்கிக் கொடுங்கள். அப்பாவின் பழைய கவசத்தை மாட்டினால் அது ஆடும். ஆடுகிற கவசம் விழும்போது தலையில் இருக்காது.

ஆர். ஆறுமுகத்தை நம் வட்டாரத்துப் பெரியவர்கள் இன்னும் பேசுகிறார்கள். சிலாங்கூர் கோல் காவலர், நீண்ட கைகளுக்காக ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் எடுத்தவர். 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற மலேசியக் குழுவில் இருந்தவர். எதிரியின் பந்தெல்லாம் தடுத்த அந்த மனிதரை 1988 டிசம்பரில் 35 வயதில் சாலை விபத்துதான் கொண்டு போயிற்று. எவ்வளவு பெரிய விளையாட்டு வீரனானாலும் சாலை பார்த்து ஒதுங்காது.

மருந்தும் போத்தலும்

தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கிறோம். பாராகுவாட் என்னும் கொடிய மருந்து 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. அது போனாலும் வேறு மருந்துகள் இருக்கின்றன. மிச்ச மருந்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வீட்டின் பின்புறம் வைப்பது பிள்ளைக்குக் குழி வெட்டுவதற்குச் சமம். தாகத்தோடு விளையாடிவிட்டு ஓடி வருகிற பிள்ளை போத்தலின் நிறத்தைத்தான் பார்க்கும். மருந்து வந்த காலி டின்னில் தண்ணீர் பிடிக்காதீர்கள். மருந்தடித்த உடுப்பைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். தப்பித் தவறிப் பிள்ளை குடித்துவிட்டால் நாமாக வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ அருகில் உள்ள மருத்துவமனைக்கோ உடனே ஓட வேண்டும்.

மனிதர்கள்

இதைப் பேச நமக்குக் கூச்சம். ஆனால் கூச்சம் பிள்ளையைக் காப்பாற்றாது. பிள்ளையிடம் தப்பாக நடப்பவன் எங்கிருந்தோ வருகிற அந்நியன் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அவன் பிள்ளைக்குத் தெரிந்தவனாகவே இருப்பான். மிட்டாய் வாங்கித் தருவான், கைத்தொலைபேசி விளையாடக் கொடுப்பான், “அம்மாகிட்ட சொல்லாதே” என்பான். அந்த ஒரு வார்த்தையை எவர் சொன்னாலும் வந்து சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குப் பழக்குங்கள். ஆண் பிள்ளைக்கும் இதுவேதான். பிள்ளை வந்து சொன்னால் அடிக்காமல், “நீ பொய் சொல்றே” என்று விரட்டாமல் கேளுங்கள். 2017இல் வந்த சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் கடுமையானது. குற்றம் தெரிந்தும் போலீசில் சொல்லாமல் மறைப்பதும் அந்தச் சட்டத்தில் குற்றம். குடும்ப மானம், தோட்ட மானம் என்று மூடி வைத்தால் அடுத்த வீட்டுப் பிள்ளை பலியாகும். போலீசுக்குப் போகத் தயங்குகிறவர்கள் 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு இரவு பகல் எந்த நேரத்திலும் அழைத்து வழி கேட்கலாம்.

பூட்டி வைத்தால் சரியாகிவிடுமா?

இவ்வளவையும் படித்துவிட்டு, “அப்படின்னா பிள்ளையை வீட்டிலேயே பூட்டி வச்சிடுவோம்” என்று சிலர் நினைக்கக்கூடும். பலர் செய்வதும் அதைத்தான். கதவைச் சாத்து, கையில் கைத்தொலைபேசியைக் கொடு, பக்கத்தில் ஒரு பாக்கெட் மாகி மீ. பிள்ளை சத்தம் போடாது. நமக்கும் நிம்மதி.

ஆனால் உடம்பு கணக்கு வைத்துக்கொள்கிறது. 2019இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில் 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பேர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள் என்று தெரிந்தது. இனிப்பு நீர் நோய் நம் சமூகத்தை எப்படி ஆட்டி வைக்கிறது என்பதற்குப் புள்ளிவிவரம் வேண்டாம். எந்த லயத்திலும் கால் விரல் எடுத்தவர் ஒருவரைப் பார்க்கலாம். அந்த நோய்க்குப் பத்து வயதிலேயே விதை போடலாமா? பிள்ளைகள் நாளுக்கு 60 நிமிடமாவது வேர்க்க விறுவிறுக்க ஓடியாட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. பள்ளியில் வாரத்துக்கு ஓரிரு முறை வரும் உடற்கல்விப் பாடம் அதற்குப் போதாது.

பணம் செலவழித்துச் செய்ய வேண்டிய காரியமும் இல்லை. சடுகுடு, கிளித்தட்டு, கிட்டிப்புள், நொண்டி, கயிறு தாண்டுதல் எல்லாம் நம்முடையவை. வேண்டியது கொஞ்சம் மண் தரையும், வெயில் தாழ்ந்த ஒரு மணி நேரமும், பார்த்துக்கொள்ள ஒரு பெரியவரும்தான்.

“பொம்பளைப் பிள்ளைக்கு என்ன ஓட்டம்?” என்று கேட்கிறவர்கள் எம். ராஜமணியை நினைத்துப் பார்க்கட்டும். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய பெண். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதை முதன்முதலில் பெற்றவரும் அவரே. அவரைப் பெற்றவர்கள் கதவைச் சாத்தியிருந்தால் அந்தத் தங்கம் எங்கிருந்து வந்திருக்கும்?

கேட்டு வாங்கிய பரம்பரை

பிள்ளைகளின் நலனைச் சிறிய விஷயம் என்று தொழிற்சங்கம் என்றும் நினைத்ததில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் வேலை நிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் சம்பள உயர்வு மட்டுமா இருந்தது? பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். துரைமார் முன்னால் சைக்கிளில் ஏறிப் போக உரிமை வேண்டும் என்றும் கேட்டார்கள்! சைக்கிள் ஓட்டுவதற்கே போராட வேண்டியிருந்த மக்களின் பேரப்பிள்ளைகள் நாம். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் முதலாளி பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு சொன்னதும், வீட்டு வசதிக்கும் குழந்தைக் காப்பகத்துக்கும் 1990இல் 446ஆம் எண் சட்டம் வந்ததும் யாரும் தானாகத் தூக்கிக் கொடுத்த தர்மம் என்று எண்ண வேண்டாம்.

இன்று கேட்க வேண்டியது திடல். தோட்டம் விற்கப்படும்போது வீட்டுக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் பேச்சுவார்த்தை நடக்கிறது. பந்து விளையாடிய திடலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கடைசியில் நான்கு மாடி வீடும் கார் நிறுத்துமிடமும் மிஞ்சுகின்றன. இனிப் பேச்சுவார்த்தைக்குப் போகிற தோட்டக் கமிட்டிகள் திடலையும், கால்வாய் ஓரத்து வேலியையும், சாலை கடக்கும் இடத்தில் வேகத் தடையையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

உடனே செய்யக்கூடியவை

நிர்வாகமும் அரசாங்கமும் செய்யும்வரை காத்திருக்காமல் நாமே செய்யக்கூடியவை உண்டு. ஒன்று: பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். வேலை இல்லாத நாளில், ஷிப்டு முடிந்த நேரத்தில், ஆளுக்கு ஒரு மாலை நேரம் பிள்ளைகளைத் திடலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு: ஒரே பக்கம் போகிற பிள்ளைகள் தனித்தனியாகப் போகாமல் ஒரு பெரியவரோடு வரிசையாக நடந்து போகட்டும். மூன்று: பள்ளி வேன்காரர் எத்தனை பிள்ளை ஏற்றுகிறார், கடைசிப் பிள்ளை இறங்கியதும் உள்ளே திரும்பிப் பார்க்கிறாரா என்று விசாரியுங்கள். நான்கு: தோட்டத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து, ஆழமான கால்வாய், உடைந்த பாலம், மூடாத குழி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தலைமையாசிரியருக்கும் நிர்வாகத்துக்கும் கொடுங்கள். நகல் ஒன்றைக் கிளைச் செயலாளரிடம் வையுங்கள். எழுதிக் கொடுக்காத புகார் காற்றோடு போய்விடும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு நோட்டீஸ் வந்தால் அம்மாவை மட்டும் அனுப்பிவிட்டு அப்பாக்கள் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். இருவரும் போங்கள். பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்வியை எழுப்புங்கள். உங்கள் தோட்டத்தில் ஏதாவது ஏற்பாடு நடந்தால் எங்களுக்கு எழுதுங்கள். மற்றத் தோட்டத்தாரும் தெரிந்துகொள்ள இந்தப் பகுதியில் வெளியிடுவோம்.