செடிகளோட நெருங்கின சொந்தம் எந்தப் பாசி?

இன்னைக்கு எபிசோடில் ஒரு சொந்தக்காரரைத் தேடப் போறோம். மாமரம், நெல், துளசி, உங்க பால்கனியில இருக்கிற மணி பிளான்ட், இது எல்லாத்துக்கும் தண்ணிக்குள்ள ஒரு சொந்தம் இருக்கு. "செடிகள் பாசியில இருந்து வந்துச்சு"ன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். சரி, எந்தப் பாசி? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கத்தான் ரொம்ப நாள் ஆச்சு.

பாசி என்பது குடும்பப் பேர் இல்ல

'டிரைவர்'னு சொன்னா அவர் என்ன வேலை செய்றார்னு தெரியும். அவர் யார் வீட்டுப் பிள்ளைன்னு தெரியாது. 'பாசி'யும் அப்படித்தான். வெயிலை வெச்சு தனக்கான சாப்பாட்டைத் தானே செஞ்சுக்கும், பெரும்பாலும் தண்ணியிலோ ஈரத்திலோ வாழும், உண்மையான வேர், இலை, பூ கிடையாது. இந்த வேலையைச் செய்றவங்க பல குடும்பத்துல இருந்து வந்தவங்க.

அளவையே எடுத்துக்கோங்க. ஆஸ்ட்ரியோகாக்கஸ்னு ஒரு பச்சைப்பாசி ஒரு மைக்ரோமீட்டர் அளவுதான். இன்னொரு பக்கம், கலிபோர்னியா கடலோரத்துல இருக்கிற ராட்சத கெல்ப் 40 மீட்டருக்கு மேல போகும். நல்ல சூழல் கிடைச்சா ஒரே நாளில் அரை மீட்டர் வளரும். டயாட்டம்கள் தங்களைச் சுத்தி சிலிக்காவில், அதாவது கண்ணாடி மாதிரியான பொருளில், கூடு கட்டிக்கும். காலெர்பா பார்க்க இலை, தண்டு எல்லாம் வெச்ச செடி மாதிரியே இருக்கும். ஆனா உள்ளே தடுப்புச் சுவரே இல்லாத ஒரே செல் அது. பூமியில் நடக்கிற ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதியைச் செய்றது கடலில் மிதக்கிற நுண்ணுயிர்கள்தான்.

நம்ம ராமநாதபுரம் கடலோரத்துக்கு வாங்க. அங்கே பெண்கள் கடலில் மூழ்கி பாசி எடுப்பாங்க. மரிக்கொழுந்து பாசி, கஞ்சிப்பாசி ரெண்டும் சிவப்புப் பாசி. இதுல இருந்துதான் அகர் அகர் எடுக்கிறாங்க. கட்டக்கோரை பழுப்புப் பாசி. மூணும் ஒரே கடல்ல கிடைக்குது, ஆனா சிவப்புப் பாசிகள் செடிகளுக்குத் தூரத்துச் சொந்தம். கட்டக்கோரைக்கு அந்த அளவு உறவுகூட இல்ல. 1840கள்ல அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களை அழிச்ச கருகல் நோய்க் கிருமி இருக்கே, அதோடதான் கட்டக்கோரைக்கு நெருக்கம் அதிகம்.

விழுங்கினாங்க, ஆனா செரிக்கல

இவ்வளவு வித்தியாசமான குடும்பங்களுக்கு ஒளிச்சேர்க்கை எப்படிக் கைவந்தது? நூறு கோடி வருஷத்துக்கும் முன்னாடி ஒரு செல், சயனோபாக்டீரியா ஒண்ணை விழுங்குச்சு. ஆனா செரிக்கல. உள்ளே போனது அங்கேயே தங்கி, தலைமுறை தலைமுறையா வேலை செய்ய ஆரம்பிச்சது. அதுதான் இன்னைக்கு நாம பசுங்கணிகம்னு சொல்றது. இப்பவும் அதுக்குள்ள சொந்தமா டி.என்.ஏ. இருக்கு. இந்த வம்சத்துல வந்தவங்கதான் சிவப்புப் பாசியும் பச்சைப்பாசியும்.

கதை அதோட முடியல. பிறகு வேற செல்கள் சிவப்புப் பாசியையே முழுசா விழுங்கின. பழுப்புப் பாசிகளும் டயாட்டம்களும் ஒளிச்சேர்க்கையை வாங்கினது இந்த வழியாத்தான். சாட்சி என்ன? பசுங்கணிகத்தைச் சுத்தியிருக்கிற சவ்வுகளை எண்ணினா போதும். பச்சையிலும் சிவப்பிலும் ரெண்டு. பழுப்பில் நாலு. வெங்காயத் தோல் மாதிரி, ஒவ்வொரு விழுங்கலும் தன் அடுக்கை விட்டுட்டுப் போயிருக்கு.

மெட்ராஸில் கிடைச்ச ஒரு துப்பு

செடிகள் பச்சைப்பாசி வம்சம்தான்னு நிறம், மாவுச்சத்து, செல் சுவர் எல்லாம் சொல்லுச்சு. ஆனா பச்சைக்குள்ளேயே எது?

இங்கே ஒரு சென்னைக்காரர் வர்றார். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த எம்.ஓ.பி. அய்யங்கார், இந்தியாவில் பாசி ஆராய்ச்சிக்கு அடித்தளம் போட்டவர். 1932-ல் ஈர மண்ணில் வளர்கிற ஒரு பச்சைப்பாசியை உலகத்துக்கு அறிமுகப்படுத்தி, ஆங்கிலேய பாசியியலாளர் ஃப்ரிட்ச்சைக் கௌரவிக்கிற மாதிரி ஃப்ரிட்சியெல்லா என்று பேர் வெச்சார். மண்ணில் படர்கிற பகுதி, மேல்நோக்கி நிமிர்கிற இழைகள், கீழே வேர் போன்ற இழைகள். செடிகளோட மூதாதை இப்படித்தான் இருந்திருக்கணும்னு பலர் நினைச்சாங்க. பாடப்புத்தகங்களிலும் இடம் பிடிச்சது.

பின்னாடி, செல் பிரிகிற முறையையும் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டுப் பார்த்தப்போ படம் மாறிடுச்சு. பச்சைப்பாசிகளுக்குள்ளே முக்கியமா ரெண்டு வீடு இருக்கு. ஒரு வீட்டில் கடல் லெட்யூஸ், காலெர்பா, கிளாமிடோமோனஸ். ஃப்ரிட்சியெல்லாவும் அந்த வீடுதான். செடிகள் இன்னொரு வீடு. அதுக்காக அய்யங்காரோட கண்டுபிடிப்பு வீணா? இல்ல. பச்சைப்பாசிகள் பல தடவை தனித்தனியா ஈர மண்ணுக்கு வந்திருக்குன்னு அது காட்டுது. ஆனா காடா மாறினது அதில் ஒரே ஒரு கிளைதான்.

வழுவழு இழைதான் அந்தச் சொந்தம்

செடிகள் இருக்கிற வீட்டுல காரான்னு ஒரு பாசி உண்டு. குளத்தடியில், தண்டும் கணுவும் கணுவைச் சுத்தி கிளைகளுமா, செடி மாதிரியே நிற்கும். முட்டையைப் பத்திரமா உறை போட்டு வெச்சிருக்கும். இதுதான் நெருங்கின சொந்தம்னு ரொம்ப காலம் நம்பினாங்க.

கடந்த 15 வருஷத்துல நூற்றுக்கணக்கான மரபணுக்களைப் பக்கத்துல வெச்சுப் பார்த்தப்போ வந்த பதில் வேற. ஸ்பைரோகைரா! பிளஸ் ஒன் பாட்டனியில் வரைஞ்சிருப்பீங்களே, செல்லுக்குள்ள சுருள் ரிப்பன் மாதிரி பசுங்கணிகம், தொட்டா வழுக்கும். அந்த ஸ்பைரோகைரா இருக்கிற கூட்டம்தான் செடிகளுக்கு மிக நெருக்கம்.

இவ்வளவு எளிமையான இழை எப்படி? எளிமையா இருக்கிறதெல்லாம் பழசு என்று அர்த்தம் இல்ல. கூட்டுக் குடும்பமா இருந்துட்டு ஒரு ரூம் ஃபிளாட்டுக்குப் போறவங்க பாதி சாமானை விட்டுட்டுத்தானே போவாங்க? இந்தக் கூட்டமும் அப்படி நிறைய இழந்திருக்கு. நீந்துகிற ஆண் செல்கூட இதுக்குக் கிடையாது.

ஆனா முக்கியமான சில சாமான் பத்திரமா இருக்கு. 2019-ல் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ரெண்டு பாசிகளோட முழு மரபணுத் தொகுதியையும் படிச்சாங்க. வறட்சி போன்ற நெருக்கடியைத் தாங்க செடிகள் பயன்படுத்துகிற ரெண்டு மரபணுக் குடும்பங்கள் இதுலயே இருந்தன. மத்த பாசிகளில் அவை இல்ல. அதே சாயல் மண் பாக்டீரியாக்களில் இருந்ததால, அங்கிருந்து தாவி வந்திருக்கலாம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க.

ஒரு விஷயம் தெளிவா வெச்சுக்கோங்க. ஸ்பைரோகைரா செடிகளோட பாட்டி இல்ல, சித்தி பொண்ணு மாதிரி. ரெண்டுக்கும் பொதுவான பாட்டி என்னைக்கோ போய்ச் சேர்ந்தாச்சு. தரைச் செடிகளோட ஸ்போர்கள் 47 கோடி வருஷப் பழைய பாறைகளிலேயே கிடைக்குது.

இதையெல்லாம் தெரிஞ்சு நமக்கென்ன? நெல்லுக்குத் தண்ணி இல்லாதப்போ, அப்சிசிக் அமிலம் என்கிற ஹார்மோன் இலைத்துளைகளை மூடச் சொல்லும். அந்தச் செய்தியை வாங்குகிற புரதம், மேலே சொன்ன மரபணுக் குடும்பங்களில் ஒண்ணுல இருந்து வர்றது. வறட்சியைத் தாங்குகிற கருவிகளில் சில, வயல் என்று ஒன்று வர்றதுக்குக் கோடிக்கணக்கான வருஷம் முன்னாடியே, ஏதோ வத்திப்போகிற குட்டை ஓரத்துல தயாராயிடுச்சு.

அடுத்த தடவை குளத்துல பச்சையா, வழுவழுன்னு ஒரு இழை கையில மாட்டினா, உதறுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பாருங்க.