ஸுபஹோடு எழுவோம்



உறங்குபவரின் பிடரியில் ஷைத்தான் மூன்று முடிச்சுகள் இடுவதாக நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. விழித்ததும் அல்லாஹ்வை நினைவுகூர்ந்தால் ஒன்றும், வுழூச் செய்தால் இரண்டாவதும், தொழுதால் மூன்றாவதும் அவிழும். காலை உற்சாகத்தோடு மலரும். இன்றேல் சோம்பலோடுதான் விடியும்.

லண்டனில் சூரிய உதயம் பருவத்துக்கேற்ப மூன்று மணி நேரத்துக்கும் மேலாக மாறுகிறது. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் நமக்கோ ஆண்டு முழுவதும் முக்கால் மணி நேரத்துக்குள் அடங்குகிறது. எனவே நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுவது இங்கு எளிது.

தடையாக இருப்பது இரவே. இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதை நபியவர்கள் வெறுத்தார்கள். இன்று அவ்விடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்டது. பெற்றோர்களே, முதலில் உங்கள் கைபேசியை அணைத்து வையுங்கள். உங்களைப் பார்த்தே பிள்ளைகள் உறங்குவர். உங்களைப் பார்த்தே எழுவர்.