பிரமோஷன் தராததற்கு நன்றி!

கிராமத்தில் வயல் உள்ளவர்களுக்கு 'கிர்லோஸ்கர்' என்றால் பம்ப் செட். பலர் அதை ஏதோ வெள்ளைக்காரக் கம்பெனி என்றே நினைத்திருப்பார்கள். இல்லை சார்! அது ஒரு டிராயிங் வாத்தியாரின் பெயர். அவருக்கு பிரமோஷன் மட்டும் ஒழுங்காகக் கிடைத்திருந்தால், அந்த பம்ப் செட்டே வந்திருக்காது!

லட்சுமண்ராவ் கிர்லோஸ்கர். 1869 ஜூன் 20-ல் பெல்காம் பக்கம் குர்லஹொசூரில் பிறந்தவர். பையனுக்கு ஸ்கூல் பாடத்தில் நாட்டமில்லை. ஓவியம், மெஷின் இரண்டிலும்தான் உயிர். அண்ணன் ராமண்ணா பணம் கொடுத்து உதவ, பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் போய்ச் சேர்ந்தார். இரண்டு வருஷம் போனதும் தலையில் இடி. சில நிறங்கள் அவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை! நிறம் தெரியாதவர் எங்கே ஓவியராவது?

ஆள் மூலையில் உட்காரவில்லை. நிறம் வேண்டாத ஓவியமும் ஒன்று உண்டே... மெஷின் வரைபடம்! அதைக் கற்றுக்கொண்டு, பம்பாய் விக்டோரியா ஜூபிலி டெக்னிகல் இன்ஸ்டிட்யூட்டில் உதவி ஆசிரியர் ஆனார். சைடில் சைக்கிள் வியாபாரம். இவர் பம்பாயிலிருந்து சைக்கிள் வாங்கி அனுப்புவார். அண்ணன் பெல்காமில் விற்பார், ஓட்டவும் கற்றுத் தருவார். 1888-ல் தொடங்கிய அந்தச் சைக்கிள் கடைதான் கிர்லோஸ்கர் கம்பெனிகளுக்குப் பிள்ளையார் சுழி.

வாத்தியாருக்கு நியாயமாக வரவேண்டிய பதவி உயர்வு வந்தது... ஆனால் பக்கத்து ஆளுக்கு! ஆங்கிலோ இந்தியர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நாமாக இருந்தால் கேன்டீனில் ரெண்டு காபி குடித்துப் புலம்பிவிட்டு சீட்டுக்குத் திரும்பியிருப்போம். அவர் வேலையை விட்டுவிட்டு பெல்காமுக்கு ரயில் ஏறிவிட்டார்.

அங்கே மாட்டுத் தீவனம் வெட்டும் மெஷின் செய்தார். அடுத்து, 1903-ல் இரும்புக் கலப்பை. மரக் கலப்பையைவிட ஆழமாக உழும். ஆனால் வாங்கத்தான் ஆள் இல்லை. 'இரும்பு பட்டா மண் விஷமாயிடும்' என்று விவசாயிகள் பயந்தார்கள். முதல் கலப்பை விலைபோக இரண்டு வருஷம் ஆயிற்று. இரண்டு வருஷம்! மாசக் கடைசி இரண்டு நாளைத் தள்ளவே நாம் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

வியாபாரம் சூடு பிடிக்கும் நேரத்தில் இன்னொரு அடி. இடத்தைக் காலி செய்யச் சொன்னது பெல்காம் நகரசபை. பட்டறையோடு நடுத்தெருவில் நின்றவருக்குக் கை கொடுத்தவர் ஔந்த் சமஸ்தானத்து ராஜா. குண்டல் ரோடு ரயில் நிலையம் அருகே 32 ஏக்கர் நிலம், பத்தாயிரம் ரூபாய் கடன். நிலம் என்றால் பச்சைப் பசேல் பூமி இல்லை. சப்பாத்திக் கள்ளியும் பாம்பும் நிறைந்த பொட்டல்! 1910-ல் 25 தொழிலாளர்கள் குடும்பத்தோடு அங்கே குடியேறினார்கள். அதுதான் மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தில் இன்றும் இருக்கும் கிர்லோஸ்கர்வாடி.

யாரை வேலைக்கு வைத்தார் என்பதுதான் ஆச்சரியம். படிப்பில் தோற்ற ஒருவர் சகல வேலையும் பார்த்தார். பள்ளியைப் பாதியில் விட்ட ஒருவர் என்ஜினீயர் ஆனார். ராத்திரிக் காவலுக்கோ, கொள்ளை அடித்துத் தண்டனை பெற்றவர்கள்! சாவியை அவர்களிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார் மனுஷர். ஊருக்குள் தீண்டாமை கூடாது என்பது அவர் போட்ட சட்டம். 1920-ல் அந்தப் பொட்டலிலிருந்து ஒரு மராத்திப் பத்திரிகைகூடக் கிளம்பியது. 1926-ல் பம்ப் தயாரிப்பும் தொடங்கியது.

1956 செப்டம்பர் 26-ல் காலமானபோது அவருக்கு வயது 87. நூற்றாண்டான 1969-ல் தபால்தலை வெளியிட்டது அரசாங்கம்.

சரி, பிரமோஷன் கிடைக்காத கோபத்தில் இன்றைக்கே ராஜினாமா எழுதிவிடாதீர்கள்! அவருக்குக் கையில் ஒரு தொழிலும், ஊரில் ஒரு சைக்கிள் கடையும், பின்னால் ஒரு அண்ணனும் இருந்தார்கள். முதலில் அந்த மூன்றில் ஒன்றையாவது தேடி வையுங்கள். ராஜினாமாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்!