பண்டிகையும் வண்டிச் சாவியும்

தீபாவளிக்கு முந்தைய இரவும், ஆங்கிலப் புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவும், பொங்கலை ஒட்டிய நீண்ட விடுமுறையும், பிரிந்திருந்த உற்றாரையும் சிநேகிதரையும் ஒருங்கே கூட்டிவைக்கும் மங்களகரமான வேளைகளாக இருப்பதோடு, சாலை விபத்துகளால் பல குடும்பங்கள் நிரந்தரமான துக்கத்தில் ஆழும் வேளைகளாகவும் இருந்துவருவது மிகுந்த வேதனைக்குரியது. ஊர் போய்ச் சேரும் அவசரம், உறக்கமின்மை, நெரிசல், இரவுப் பிரயாணம் ஆகியவை ஏற்கெனவே கூடியிருக்கும் அந்நாட்களில், ஓட்டுகிறவரின் உடலில் மதுவும் சேர்ந்துவிட்டால் அபாயம் பன்மடங்காகிறது. மது அருந்துதல் தகுமா தகாதா என்ற பெரிய விவாதத்துள் இக்கட்டுரை புகவில்லை. அருந்தியவர் வாகனத்தைத் தொடலாகாது, அந்தத் தீர்மானமும் மதுவைக் கையில் எடுப்பதற்கு முன்பே செய்யப்பட்டாக வேண்டும் என்ற ஒன்றையே இது வலியுறுத்த விரும்புகிறது.

உடலில் நிகழ்வது

முன்பே தீர்மானிக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. கால் தள்ளாடுவதற்கும் நா குழறுவதற்கும் வெகு முன்னதாகவே, தன் நிலையைத் தானே சீர்தூக்கிப் பார்க்கும் விவேகத்தை மது மங்கச் செய்துவிடுகிறது. ஆகையால்தான் "நான் ஸ்டெடியாகத்தான் இருக்கிறேன்" என்று ஒருவர் உறுதிபடச் சொல்லும் சொல், அவர் பொய் பேசாதவரே ஆயினும், நம்பத் தகாததாகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். பிரேக்கில் கால் வைக்க அரை விநாடி தாமதித்தாலும் எட்டு மீட்டருக்கு மேல் கடந்துவிடும். சாலையைக் கடக்கும் ஒரு குழந்தைக்கு ஜீவனும் மரணமும் அந்த எட்டு மீட்டருக்குள் அடங்கிவிடக்கூடும்.

இதனினும் அதிகமாக ஏமாற்றுவது மறுநாள் காலை. குவார்ட்டர் என்று வழங்கும் 180 மில்லி புட்டியில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் அடங்கியிருக்க, நம் கல்லீரலோ மணிக்கு ஏழு முதல் பத்து கிராம் அளவையே அகற்ற வல்லது. இரவு பதினொரு மணிக்கு அதை அருந்தி முடித்தவர், அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புத்தாடை உடுத்தி, மனைவி மக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் புறப்படும்போது, தாம் முற்றும் தெளிந்துவிட்டதாகவே எண்ணியிருப்பார். அவருடைய ரத்தத்திலோ சட்டம் தடுக்கும் அளவு அப்போதும் மிஞ்சியிருக்கக்கூடும். மோரும், எலுமிச்சைச் சாறும், கடுங்காப்பியும், தலையில் ஊற்றும் குளிர்ந்த நீரும் மயக்கத்தைச் சற்று மறைக்குமேயன்றி மதுவை விரைந்து வெளியேற்ற மாட்டா. காலம் ஒன்றே அதைச் செய்யும். ஜலதோஷத்துக்கும் ஒவ்வாமைக்கும் உண்ணும் சில மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் தாமாகவே நிதானத்தைக் குறைப்பவை. மதுவோடு சேர்ந்தால் அவற்றின் வேகம் மேலும் கூடும்.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வாகனம் ஓட்டுவதையும், வண்டியைக் கட்டுக்குள் வைக்க இயலாத அளவுக்குப் போதைப் பொருளின் வசப்பட்டு ஓட்டுவதையும் குற்றமென்கிறது. முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ. மீண்டும் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, 15,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். குடித்தவரை ஓட்டும்படி தூண்டி உடந்தையாய் இருப்பவருக்கும் அதே தண்டனை உண்டென்று 188-ஆம் பிரிவு கூறுகிறது. கவனக்குறைவால் ஓர் உயிர் போனால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை நேரலாம். மும்பையில் 2006-ஆம் ஆண்டு நடைபாதையில் உறங்கிய ஏழு பேர் கார் ஏறி மாண்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 2012-இல் அதைக் கவனக்குறைவென்று விட்டுவிடாமல், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமென்றே உறுதிசெய்தது.

சோதனைக்கு உட்படுகிறவருக்கும் உரிமைகள் உள. சீருடை அணிந்த அதிகாரி மூச்சுச் சோதனைக்கு அழைத்தால் உடன்பட வேண்டும், மறுப்பதே கைதுக்குக் காரணமாகலாம் என்பது மெய்யே. ஆயினும் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தத் தவறினால் விடுவித்தாக வேண்டும் என்றும், பெண்ணின் ரத்தத்தைப் பெண் மருத்துவரோ, மற்றொரு பெண் உடனிருக்க ஆண் மருத்துவரோதான் எடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் விதிக்கிறது. இக்குற்றம் நீதிமன்றத்தில் தீர வேண்டியதேயன்றிச் சாலையோரத்தில் ரசீதின்றிக் கைமாறும் பணத்தால் தீர்வதன்று.

பாதிக்கப்பட்டோர்க்குரிய பரிகாரம்

விபத்தைக் கண்டவர் முதலில் செய்யத்தக்கது 108 ஆம்புலன்ஸை அழைப்பது. உதவ முன்வந்தவரைப் பெயரும் முகவரியும் சொல்லுமாறு நிர்ப்பந்திக்கக் கூடாதென்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவின்கீழ் வகுக்கப்பட்ட விதிகள் பாதுகாப்பளிப்பதால், போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் அலைய நேருமோ என்று அஞ்சி எவரும் விலகிச் செல்ல வேண்டுவதில்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, இத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது; 2025-இல் மத்திய அரசு அறிவித்த திட்டம் ஏழு நாள் வரை ஒன்றரை லட்ச ரூபாய்க்குட்பட்ட சிகிச்சைக்கு வழிசெய்கிறது.

காயமுற்றவரும், இறந்தவரின் வாரிசுகளும், முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெற்று, தாங்கள் வசிக்கும் பகுதிக்குரிய மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யலாம். மோதிய வண்டி எதுவென்றே தெரியாமற் போனாலும், மரணத்துக்கு இரண்டு லட்ச ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் பெறச் சட்டம் இடந்தருகிறது. குடித்து ஓட்டியவருக்கோ தம் வண்டியின் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் கைகொடுக்காது. தில்லியில் நேர்ந்த ஒரு கார் விபத்தில் கம்பெனி பணம் தர மறுத்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது.

வீட்டாரின் கடமை

தண்டனையைப் பற்றிய அச்சம் ஓரளவே காக்கும். மிகுதியைக் காக்க வேண்டியவர்கள் வீட்டாரும் சிநேகிதருமே. மது பரிமாறப்படும் இடத்துக்குப் போவதாயின், சொந்த வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு ஆட்டோவிலோ வாடகைக் காரிலோ போவது உத்தமம்; கூட்டமாகப் போனால் துளியும் அருந்தாமல் ஓட்டுவதற்கு ஒருவரைப் புறப்படும்போதே நியமித்துக்கொள்வது அவசியம். குடித்தவர் ஓட்டும் வண்டியில் பின்னால் அமர மறுப்பது அவமரியாதை அன்று. அவரும் நாமும் உயிரோடு வீடு சேர வேண்டுமென்ற அன்பின் வெளிப்பாடே அது. மதுப்பழக்கத்திலிருந்து மீள விரும்புகிறவர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் 14446 என்ற இலவசத் தொலைபேசி எண் வழிகாட்டும்.

விருந்தினரை வாசல்வரை வந்து வழியனுப்புவதை மரியாதையாகக் கொண்ட சமூகம் நம்முடையது. ஆகவே, விருந்துக்கு எத்தனை இலை போடுவது என்று கணக்கிடும் வேளையிலேயே, யாரை எந்த வண்டியில் திருப்பி அனுப்புவது, யாருக்கு இரவு தங்கப் பாயும் தலையணையும் எடுத்துவைப்பது என்பதையும் வீட்டுக்குரியவர் கணக்கிட்டு, அருந்தியவரிடமிருந்து வண்டிச் சாவியைத் தயக்கமின்றிக் கேட்டு வாங்கிவைத்து, மறுநாள் அவர் முற்றும் தெளிந்த பிறகே திருப்பித் தர வேண்டும். அவர் அன்றிரவு கோபித்துக்கொண்டாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.