பனியன் கண்ட ஐயக் கோட்டை

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-ஆம் ஆண்டில் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தின் வாயிலாக ஜான் பனியனைத் (1628–1688) தமிழறிஞர் அறிவர். அக்காப்பியத்திற்கு முதனூலாகிய ‘மோட்சப் பிரயாணம்’ 1678-இல் வெளிவந்தது. அதற்குப் பன்னிரண்டாண்டுகள் முன்னரே, பெட்போர்டுச் சிறையிலிருந்த காலத்தில், பனியன் தம் அகவாழ்வின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். அதனை நம்மவர் நோக்குவது அரிது. இரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்த்தாலன்றி, கிறித்தவப் பற்றில் ஐயத்திற்கு அவர் அளித்த இடம் புலனாகாது என்பது நம் துணிபு.

காட்சி, ஐயம், துணிவு என்பது அகப்பொருள் நூலார் வகுத்த முறை. எதிர்ப்பட்டவள் மானிட மகளோ அணங்கோ எனத் தலைவன் ஐயுறுவான். கண் இமைத்தலும் மாலை வாடுதலும் கண்டு தெளிவான். தெளிந்தபின் அவ்வையம் மீள்வதில்லை. இம்முறையில் பழகிய நாம், பனியன் நூலிலும் ஐயத்தைப் பயணத்தின் தொடக்கத்தில் எதிர்பார்ப்போம். அங்கோ, சிலுவையின் அருகே முதுகுச் சுமை வீழ்ந்து நெடுநாள் கழிந்தபின், மாயச் சந்தையில் தோழன் கொல்லப்பட்ட பின்னும் உறுதி குலையாது நடந்துவந்த பின்னரே, கிறித்தியான் ஐயக் கோட்டையில் அகப்படுகின்றான். ஈண்டு ஐயம் துணிவிற்கு முற்பட்டதன்று, துணிந்தவனுக்கே நேர்வது.

கோட்டையின் பெயர் ஐயம்; அதனை ஆளும் அரக்கன் பெயரோ நம்பிக்கையிழப்பு. இவ்வேறுபாட்டை உரைகாரர் பலர் கருதாது செல்வர். ஐயம் ஓர் இடம். அங்குப் புகுந்தவனை வருத்துபவன் வேறொருவன். அரக்கன் மனைவியின் பெயரும் நோக்கத்தக்கது. அவள் பெயராகிய ஆங்கிலச் சொல் இன்று கூச்சம் என்னும் பொருளில் வழங்கினும், பனியன் காலத்தில் நம்பாமை என்றே பொருள்பட்டது. கணவனுக்கு இரவுதோறும் அறிவுரை கூறுபவள் அவளே.

கரடான வழியில் கால் நொந்து, பக்கத்துப் புல்வெளியின் மென்மையை விரும்பி நெறி விலகியவர் கிறித்தியானும் அவன் தோழனும். புதன்கிழமை காலை முதல் சனிக்கிழமை இரவு வரை உணவும் ஒளியுமின்றி இருட்சிறையில் கிடந்து, தற்கொலை செய்துகொள்ளுமாறு அரக்கன் கூறியதையும் கேட்டனர். இரவெல்லாம் வேண்டுதல் செய்த பின், தன் மார்பகத்தே வாக்குறுதி என்னும் திறவுகோல் இருப்பது கிறித்தியானுக்கு நினைவு வருகின்றது. கையிலேயே திறவுகோல் இருந்ததெனின் நான்கு நாள் துன்பம் எதற்கு? இஃது எளிய தீர்வு எனக் குறை கூறுவாரும் உளர். அதற்கு விடை தன்வரலாற்றில் உளது.

கிறிஸ்துவை விற்றுவிடு என்னும் எண்ணம் பனியனை இடைவிடாது உறுத்த, ஒருநாள் தம் உள்ளம் அதற்கு இசைந்துவிட்டதாக அவர் அஞ்சினார். தலைமகன் உரிமையை விற்று, பின்னர் அழுதும் பெறாத ஏசாவின் செய்தி அவரை வாட்டியது. அருள் போதியது என்னும் பவுல் வாக்கும் உள்ளத்தில் எழுந்தது; ஆயின் அதனுள் ‘உனக்கு’ என்னும் சொல் மட்டும் அவருக்குக் கேட்கவில்லை. நான்காம் வேற்றுமைச் சொல் ஒன்று குறைந்தமையால் மறைமொழி முழுவதும் பிறர்க்கு உரியதாய் நின்றது. ஏசாவின் செய்தியும் அருளின் செய்தியும் துலாக்கோலின் இரு தட்டுகளைப்போலப் பல கிழமைகள் ஏறியும் தாழ்ந்தும் நின்றபின், ஒருநாள் அச்சொல்லும் சேர்ந்து ஒலித்தது. வாக்குறுதியை அறிந்திருத்தல் வேறு. அது தனக்கென உணர்தல் வேறு. பன்னாள் மறந்திருந்த திறவுகோல் குறிப்பது இதனையே என்க. அத்திறவுகோலுக்கும் கோட்டையின் இரும்பு வாயிற்பூட்டு எளிதில் இணங்கவில்லை என்று பனியன் எழுதியிருப்பது, பட்டறிந்தவர் எழுத்து.

1684-இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில் அரக்கன் கொல்லப்படுகின்றான். கோட்டையை இடித்துத் தள்ள ஏழு நாள் ஆகின்றது. அவ்விடத்தும் பனியன் ஒரு சிறு செய்யுளைச் சேர்த்து, பாவம் அக்கோட்டையை மீளக் கட்டவும் அரக்கனை உயிர்ப்பிக்கவும் வல்லது என்று குறித்துள்ளார்.